முன்சிங்கனில் இறங்கும் எண்ணெய்

அந்த எண்ணெயின் பெயர் என்னவென்று கேட்டு இனி யாரும் எனக்குப் போன் எடுக்க வேண்டாம். லோசானில் இருந்து எடுக்கிறார்கள், பாசலில் இருந்து எடுக்கிறார்கள். போன கிழமை கனடாவில் இருந்து ஒரு மனுசி, யாரென்றே தெரியாது, "அக்கா, உங்களுக்கு மூளைக்குள்ளை வந்த கட்டி ஒரு எண்ணெயாலை மாறினதாமே, எந்தக் கடை அக்கா?" என்று கேட்கிறாள். எண்ணெயால் கட்டி மாறுமென்றால் யாழ்ப்பாணத்தில் ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் வந்திருக்கக் கூடாது, பிறந்த நாள் தொடக்கம் எண்ணெய்க்குள்தானே ஊறுகிறோம். என் கட்டி கத்தியாலும் கதிராலும் அடங்கியது. எண்ணெய் செய்தது வேறு வேலை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் உளைகிறது. ஆனபடியால் எல்லோருக்குமாக ஒருதரம் எழுதிவிடுகிறேன்.

இங்கே சுவிஸில், துன் ஏரிக்கரையில் உள்ள ஒரு ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்குவது என் வேலை. இவர், என் வீட்டுக்காரர், அதே ஹோட்டலின் குசினியில் காலைச் சாப்பாட்டுப் பகுதி. எங்களுக்கு ஒரே மகள், அபி. பாடனில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்துகொண்டு அங்கேயே இருக்கிறாள்.

எல்லாம் செத்தல் மிளகாயில் தொடங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தூள் இடிக்க மிளகாய் வறுத்துக்கொண்டிருந்தேன். இவர் குளியலறையில் இருந்து ஈரத்தலையோடு இருமிக்கொண்டு ஓடி வந்தார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"பவா, வீடு எரியுது! நீர் நிண்டு கிண்டுறீர்!"

சட்டியைப் பார்த்தேன். மிளகாய் கரிக்கட்டை. எனக்குத் தொண்டை கரகரத்ததே தவிர ஒரு மணமும் வரவில்லை. மேல் வீட்டு சுவிஸ்காரர் வந்து பெல் அடித்து, நெருப்பணைக்கும் படைக்குச் சொல்லவோ என்று கேட்டுவிட்டுப் போனார். மானம் போய்விட்டது.

கொரோனாவின் மிச்சமாக இருக்கும் என்று குடும்ப டொக்டர் சொல்லி, மூக்குக்கு அடிக்கிற மருந்து தந்தார். அதை மாதக் கணக்கில் அடித்தேன். கறிவேப்பிலையும் ஒன்றுதான், கழிப்பறை மருந்தும் ஒன்றுதான். எனக்குக் கோபம் கூடிப்போனதாக இவர் மகளிடம் முறைப்பாடு வைத்தார். அந்தக் கோபம் கலியாணம் கட்டின நாள் தொடக்கம் இருக்கிறது, பாவம் அதைக் கட்டியின் தலையில் போட ஏலாது. பிறகு தலையிடி வந்தது. பிறகு வலது கண்ணில் ஒரு மூலை மங்கியது. அதற்குப் பிறகுதான் ஸ்கான்.

மெனிஞ்சியோம் என்றார்கள். மூளையைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அந்த உறையில் இருந்து வளருகிற கட்டி. எனக்கு அது மூக்குக்கு நேர் மேலே, மணத்தை மூளைக்குக் கொண்டுபோகிற நரம்பில் ஏறிக் குந்தியிருந்தது. கனகாலமாக மெல்ல மெல்ல வளர்ந்திருக்கிறதாம். படத்தைக் காட்டினார்கள். ஒரு தேசிக்காய், எலுமிச்சங்காய் அளவில் வெள்ளையாக இருந்தது. அதைப் பார்த்ததும் நான் டொக்டரிடம் கேட்டது, "இது போனால் மணம் திரும்பி வருமோ?" என்பதுதான். சாகிறேனோ பிழைக்கிறேனோ என்று கேட்கவில்லை. நரம்பு நசிந்துபோய்விட்டது, பெரும்பாலும் வராது என்றா அந்த அம்மா. இவர் என் கையைப் பிடித்தார்.

பேர்ன் பெரிய ஆஸ்பத்திரியில் நெற்றியைத் திறந்து எடுத்தார்கள். ஒரு பெரிய இரத்தக் குழாயோடு ஒட்டியிருந்த கொஞ்சத்தை எடுக்க முடியாமல் விட்டுவிட்டார்கள். கட்டியை நுணுக்குக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இது சாதுவானதும் இல்லை, புற்றுநோயும் இல்லை, நடுவில் உள்ள வகை, விட்ட இடத்தில் இருந்து திரும்ப வளரும் என்றார்கள். அதற்குத்தான் ஆறு கிழமை கதிர்ச் சிகிச்சை. போதாக்குறைக்குப் படுத்திருந்ததில் காலில் இரத்தம் உறைந்து, அதைத் தடுக்க ஒரு குளிசையும் தொடங்கினார்கள்.

அந்த ஆஸ்பத்திரி நாட்களில்தான் இவர் எனக்கு மூக்கானார். வேலை முடிந்து சாப்பாட்டுப் பெட்டியோடு வருவார். மூடியைத் திறந்து முதல் தான் முகர்ந்து பார்ப்பார்.

"சோறு சுடச்சுட மணக்குது. பருப்பிலை கொஞ்சம் உள்ளி தூக்கலாய்ப் போச்சு. அது என்ரை பிழை. கத்தரிக்காய் நல்ல மணம், நீர் வைக்கிறது மாதிரியே."

"நான் வைக்கிறது மாதிரியோ? கதையை விடுங்கோ."

"சத்தியமா."

இவருக்குப் பொய் சொல்ல வராது. அது ஊருக்கே தெரியும். கோயில் சபையில் செயலாளராக இருந்தும் பொய் சொல்லத் தெரியாத ஒரே மனுசன் என்று ஆட்கள் பகிடி விடுவார்கள். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு எப்படி என்று கேட்டால் இவருக்கு முதலில் காது சிவக்கும், பிறகு உண்மை வந்துவிடும். அதனால் எத்தனை இடத்தில் எனக்கு வெட்கக்கேடு! ஆனால் அந்தக் கட்டிலில் கிடக்கும்போது எனக்கு அதுதான் தெம்பாக இருந்தது. இவர் உள்ளி தூக்கல் என்றால் தூக்கல்தான். இவர் சொன்னால் எனக்கு மணத்தது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே மணத்தது.

கதிர்ச் சிகிச்சைக்கு முகமூடி ஒன்று செய்வார்கள். கண்ணறை கண்ணறையான ஒரு பிளாஸ்டிக் தட்டைச் சுடுதண்ணீரில் போட்டு இளக்கி, முகத்தில் அமத்திப் பிடிப்பார்கள். ஆறினால் அது எங்கள் முகத்தின் அச்சாக இறுகிவிடும். பிறகு ஒவ்வொரு நாளும் அதை முகத்தில் மாட்டி மேசையோடு பூட்டுவார்கள். தலை இம்மியும் அசையக் கூடாது, அசைந்தால் கதிர் கட்டியில் படாமல் கண்ணில் படும். பூட்டிவிட்டு எல்லோரும் வெளியே போய்க் கதவைச் சாத்துவார்கள். அவ்வளவுதான். நோவே கிடையாது. கேட்க லேசாக இருக்கிறது, இல்லையா?

முதல் நாள் அவர்கள் கதவைச் சாத்தினதும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. மூச்சு உள்ளே போகிறதோ வெளியே வருகிறதோ தெரியவில்லை. கையில் தந்த ரப்பர் குமிழை அமத்தி அமத்திப் பிய்த்தே போட்டேன். அவர்கள் ஓடி வந்து கழற்றினார்கள். அடுத்த நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் பயம் போக ஒரு குளிசை தந்தார்கள். அதைப் போட்டுவிட்டு வீடு வந்து, எது எங்கள் கதவென்று தெரியாமல் படியில் குந்தியிருந்தேனாம். எனக்கு அது நினைவே இல்லை. மனுசரை மறக்கச் செய்கிற குளிசை எனக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சண்டைக் காலத்தில் பங்கருக்குள் இருந்த பயம்தான் இப்போது வருகிறதோ என்று டொக்டர் மெல்லக் கேட்டா. நல்ல மனுசி, நிறைய வாசித்திருக்கிறா. நான் சொன்னேன், பங்கருக்குள் எனக்குப் பயமே இருந்ததில்லை, அங்கே ஒருத்தர் மேல் ஒருத்தராக ஆட்கள் இருந்தார்கள், என் தங்கச்சி என் மடியிலேயே நித்திரை கொண்டாள். இங்கே தனியக் கிடக்க வேண்டியிருக்கிறது, அதுதான் என்றேன். அவ, இந்தக் கிழமையும் படுக்க முடியாவிட்டால் எல்லாவற்றையும் தள்ளிப்போட வேண்டி வரும், கட்டி எங்களுக்காகக் காத்திராது என்றா.

என்னோடு அறை துப்புரவாக்கும் ரூத் என்கிற சுவிஸ்காரிதான் வழி சொன்னாள். தான் மனப்பதற்றத்துக்கு ஹன்ஃப் எண்ணெய் பாவிக்கிறாளாம். சிபிடி என்று ஒரு சத்து அதில் இருக்கிறதாம். நாக்குக்குக் கீழே சில துளி விட்டுக்கொண்டு கதைக்காமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் உடம்பு இளகிவிடும், நான் அதற்குப் பிறகு ஒன்றுக்கும் பயந்ததில்லை என்றாள். ஹன்ஃப் என்றால் கஞ்சாச் செடி. வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன்.

"கஞ்சாவோ!" இவர் எழும்பியே விட்டார். "பவா, நான் திருவிழாவிலை மைக்கிலை நிண்டு பெடியளுக்குப் போதை வேண்டாம் எண்டு கதைச்சவன்!"

"தலைக்கு மேலை வெள்ளம் போகுது, நீங்கள் மைக்கைப் பற்றிக் கதைக்கிறியள். செடி ஒண்டுதானாம், உள்ளுக்கை ரெண்டு சாமானாம். வெறி குடுக்கிறது வேறை, அதைத்தான் தடுத்திருக்கு. இது மற்றது. கடையிலை வைச்சு விக்கினம்."

"டொக்டரிட்டைக் கேப்பம்."

"கேட்டால் என்னைக் கஞ்சாக்காரி எண்டு எழுதி வைப்பினம். போங்கோ, போய் வாங்கி வாங்கோ."

சனிக்கிழமை போனவர், கன நேரம் கழித்துத்தான் வந்தார். கையில் கண்ணாடித் துளிகாட்டி வைத்த ஒரு சின்ன மண்ணிறப் போத்தல். லேபிள் இல்லை. கோயில் ஆட்கள் வந்து போகிற வீடு, கழற்றிப் போட்டிருப்பார் என்று நானே நினைத்துக்கொண்டேன்.

"ஹன்ஃப் எண்ணெய்," என்றார், பெரிய யுத்தம் வென்றவர் மாதிரி.

"எப்பிடி மணக்குது?"

திறந்து முகர்ந்தார். "புல்லு மணக்குது. மழைக்குப் பிறகு வெட்டின புல்லு."

துனில் இருந்து பேர்னுக்கு விரைவு ரயில் இருக்கிறது. இவர் அதை விட்டுவிட்டு எல்லா இடத்திலும் நிற்கிற ரயிலில்தான் ஏற்றினார். விரைவு ரயிலில் எண்ணெய்க்கு நேரம் காணாதாம். மணிக்கூடு பார்த்தால் எனக்குப் பதற்றம் கூடும் என்று ஸ்டேஷன்களால் கணக்கு வைத்தார். துனில் ரயில் வெளிக்கிட்டதும் நாக்குக்குக் கீழே விட வேண்டும். கீசன் வந்ததும் விழுங்க வேண்டும். முன்சிங்கனில் இறங்கும். முன்சிங்கனில் நாங்கள் இறங்குவதில்லை, எண்ணெய்தான் உடம்புக்குள் இறங்கும்.

"வாயைத் திறவும். சரி, மூடும். கதையாதையும்," என்பார். என்னைக் கதைக்காமல் இருக்கச் சொல்ல இந்த உலகத்தில் இவருக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. நன்றாக அனுபவித்தார். "இது உட்டிகன். நாக்கு வழுக்குதோ? தலையை மட்டும் ஆட்டும். இப்ப கீசன், விழுங்கும். தொண்டையாலை போகுது. விக்ட்ராக் வருது. நெஞ்சுக்கு வந்திட்டுது, தோளை விடும், ஏன் தூக்கி வைச்சிருக்கிறீர்? கையை விரியும். முன்சிங்கன். இறங்கிட்டுது."

இறங்கியது. நான் பொய் சொல்லவில்லை. முன்சிங்கன் பிளாட்பாரத்தைக் காண என் தோள் கீழே வந்தது, கை சூடேறியது, இறுக்கிப் பிடித்திருந்த பல்லு விட்டது. அன்றைக்கு முகமூடியை மாட்டிக் கதவைச் சாத்தினார்கள். பயம் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தது, ஆனால் கிட்ட வரவில்லை. நான் உள்ளுக்குள் உட்டிகன், கீசன், விக்ட்ராக், முன்சிங்கன் என்று போய்க்கொண்டிருந்தேன். திரும்ப ஒருதரம் துனில் இருந்து தொடங்குவதற்குள் கதவு திறந்துவிட்டது. வெளியே வந்தபோது இவர் எழும்பி நின்றார். நான் தலையை ஆட்டினேன். ஆஸ்பத்திரி என்றும் பாராமல் இவர் அழுதார்.

இரண்டாம் கிழமைக் கடைசியில் அபி வந்தாள். நான் சந்தோசப் புளுகத்தில் எண்ணெய்க் கதையைச் சொன்னதும் பிள்ளையின் முகம் மாறியது. "அம்மா, இரத்தக் குளிசை போட்டுக்கொண்டு நீங்கள் உதெல்லாம் எடுக்கக் கூடாது! அது ஈரலிலை போய் மற்ற மருந்தை மறிச்சு வைக்கும். குளிசையின்ரை வேலை கூடி இரத்தம் ஓடும். அப்பா, இதிலை லேபிள் இல்லை, கடையிலை வாங்கின போத்தலைக் காட்டுங்கோ!" என்று தகப்பனை இழுத்துக்கொண்டு கீழே நிலவறைக்குப் போனாள். வாங்கின பெரிய போத்தல் அங்கேதான் இருந்ததாம். கன நேரம் கழித்து இரண்டு பேரும் மேலே வந்தார்கள்.

"பரவாயில்லை அம்மா," என்றாள் அபி. "இது உங்கடை குளிசைக்கு ஒண்டும் செய்யாது. எடுங்கோ."

இவர் நேரே குளியலறைக்குப் போய் முகம் கழுவினார்.

திங்கட்கிழமை ரயிலில் ஒரு புதினம். எனக்கு எண்ணெய் விட்ட கையோடு இவர் தன் வாயையும் திறந்து, தனக்கும் விட்டுக்கொண்டார். கீசனில் நான் விழுங்கிவிட்டேன். இவர் விழுங்கவில்லை. இடம் வர வர விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். முன்சிங்கன் தாண்டி, ரூபிகனும் தாண்டித்தான் விழுங்கினார். அடுத்த நாளும் அப்படி. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படி.

"என்னப்பா, வாய்க்குள்ளை கொழுக்கட்டையே? ஒரு சொல்லுக் கதையுங்கோவன். வருத்தக்காரி நானோ நீங்களோ? என்ரை மருந்தை ஏன் குடிக்கிறியள்?"

இவர் சிரித்தார். வாயைத் திறக்காமல் கண்ணால் சிரித்தார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் முன்சிங்கன் வந்ததும் இவர் என் கைக்கு மேல் கையை வைப்பார், எனக்கு இறங்கிவிடும். ஆறு கிழமையும் இப்படியே போய் வந்தோம். ஒரு நாள் தவறவில்லை. குசினியில் விடியப்புறம் எழும்பி வேலை செய்துவிட்டு, மத்தியானம் என்னோடு வந்து, ஒரு நாளும் களைப்பு என்று இவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

கதிர் முடிந்து வந்த முதல் ஸ்கானில் கட்டி அடங்கிவிட்டது என்றார்கள். அப்போதுதான் நான் உலகம் முழுக்கப் போன் அடித்து, ஹன்ஃப் எண்ணெய், ஹன்ஃப் எண்ணெய் என்று பறை தட்டினேன். இவர் பக்கத்தில் இருந்தால் எழும்பி அங்காலே போய்விடுவார். கஞ்சா என்று வெட்கப்படுகிறாராக்கும் என்று நினைத்தேன்.

தை மாதத்தில் ஒரு காலை ஹோட்டல் முதலாளி போன் எடுத்தார். முட்டைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்த இவர், குசினி வாசலில் அதை மெல்ல இறக்கி வைத்துவிட்டு விழுந்தாராம். ஒரு முட்டைகூட உடையவில்லை என்று அந்த மனுசன் என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார், வேறு என்ன சொல்வதென்று தெரியாமல். துன் ஆஸ்பத்திரியில் என்னை ஒரு கதிரையில் இருத்தினார்கள். ஆஸ்பத்திரிக் கதிரைகளில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். நோயாளிக்காகக் காத்திருக்கிற கதிரை எனக்குத் தெரியாது, அதில் இவ்வளவு நாளும் இருந்தவர் இவர். டொக்டர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். கதவைச் சாத்தினால் எனக்கு விளங்கும்.

மாரடைப்பு. எல்லோரும் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தோம், இவருடைய நெஞ்சை ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் பார்க்கவில்லை.

இவ்வளவு நேரமும் இவர், இவர் என்றே எழுதிக்கொண்டு வந்துவிட்டேன். அவர் என்று எழுத வேண்டும். கை வருகுதில்லை.

முப்பத்தோராம் நாள் முடிந்து ஆட்கள் போன பிறகு, கழுவாமல் எடுத்து வைத்திருந்த அவருடைய சேர்ட்டை முகத்தில் வைத்து இழுத்துப் பார்த்தேன். மற்றப் பெண்டுகளுக்கு அதாவது மிஞ்சும். எனக்கு வெறும் துணி. என்ன மணக்கிறது என்று சொல்ல ஆளும் இல்லை. கோதாரி விழுந்த கட்டி, கண்ணைக் கொண்டுபோயிருக்கலாம் என்று அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன்.

வசந்த காலத்தில் அடுத்த ஸ்கான் வந்தது. எம்ஆர்ஐ. அதில் தலைக்கு ஒரு கூடு மாட்டிக் குழாய்க்குள் தள்ளுவார்கள், முகமூடிக்குத் தம்பி. கடிதம் வந்த நாளே எனக்கு மூச்சு அடைக்கத் தொடங்கிவிட்டது. சின்னப் போத்தலில் எண்ணெய் முடிந்திருந்தது. முதல் நாள் பின்னேரம் என்னோடு தங்க வந்த அபியிடம், கீழே போய் பெரிய போத்தலில் இருந்து நிரப்பிக்கொண்டு வா என்றேன்.

பெரிய போத்தலோடு வந்தாள். ஆனால் தரவில்லை.

"அம்மா, இது வேண்டாம். காறிப் போச்சு. நாறுது."

"எனக்கென்ன மணக்கவே போகுது? தா."

"அம்மா..." பிள்ளை என் முன்னால் நிலத்தில் இருந்துவிட்டாள். "இது அந்த எண்ணெய் இல்லை அம்மா. இது சலாட் எண்ணெய்."

போத்தலைத் திருப்பிக் காட்டினாள். செடியின் இலைப்படம், ஹன்ஃப் எண்ணெய் என்ற பெயர், அதற்குக் கீழே ஒரு கிண்ணம் சலாட். கஞ்சாச் செடியின் விதையை ஆட்டி எடுக்கிற சமையல் எண்ணெயாம். சிபிடி அதில் மருந்துக்கும் இல்லையாம். முதலில் மருந்துக்கடையில் அவர் கேட்டபோது அங்கே வரிசையில் கோயில் ஆட்கள் நின்றார்களாம். கடைக்காரி வேறு, யாருக்கு, என்ன வருத்தம், என்ன குளிசை எடுக்கிறா என்று உரத்துக் கேட்டாளாம். மனுசன் வெட்கப்பட்டு வெளியே வந்து, சாமான் கடையில் எண்ணெய்த் தட்டில் இதைக் கண்டு வாங்கியிருக்கிறார். தன்னுடைய பழைய காது மருந்துப் போத்தலைக் கொதிதண்ணீரில் கழுவி அதற்குள் விட்டிருக்கிறார். அவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. எங்களுக்கு எண்ணெய் என்றால் எண்ணெய்தானே! நல்லெண்ணெயைத் தலைக்கும் வைப்போம், காதுக்குள்ளும் விடுவோம், தோசைக்கும் ஊற்றுவோம். மருந்து எண்ணெய் சமையல் எண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்தால் எங்கள் ஆட்களுக்கு அதில் என்ன புதினம்?

"ஆறு கிழமை நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து என்னைப் பேய்க்காட்டினியளோ!" என்று கத்தினேன். நல்ல வாய் எனக்கு. மூச்சு விடாமல் திட்டினேன், செத்த மனுசனையும் சேர்த்துத்தான்.

அபி நான் முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்.

"அப்பாவுக்கு முதல் தெரியாது அம்மா. கீழை வைச்சு நான்தான் சொன்னனான். எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. அப்பா சிரிக்கேல்லை. இப்பவே மேலை போய் அவவுக்குச் சொல்லப் போறன் எண்டார். நான்தான் மறிச்சனான். அம்மா இதாலைதான் படுக்கிறா, சொன்னால் நாளைக்குப் படுக்க மாட்டா எண்டு. அப்பா சொன்னார், எனக்குப் பொய் சொல்ல வராது பிள்ளை, அவ என்னைப் பாத்து இறங்கிச்சோ எண்டு கேட்டால் உண்மை வாயாலை வந்திடும் எண்டு. நான் சொன்னன், அப்ப வாயை மூடிக்கொண்டிருங்கோ அப்பா எண்டு."

கொழுக்கட்டை என்று நான் பகிடி பண்ணின அந்த வாய் ஞாபகம் வந்தது. பொய் வெளியே வரக் கூடாது, உண்மையும் வெளியே வரக் கூடாது என்று சலாட் எண்ணெயால் அதை அடைத்து வைத்துக்கொண்டு, ரூபிகன் வரைக்கும் அந்த மனுசன் இருந்திருக்கிறார். ஒவ்வொரு நாளும்.

கதிர்ச் சிகிச்சை டொக்டரிடம் இதையெல்லாம் பிறகு ஒரு நாள் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. மருந்து எடுத்திருக்கிறேன், இப்போது இளகப்போகிறேன் என்று மனுசர் எதிர்பார்த்தால் உடம்பு அந்த எதிர்பார்ப்புக்கே பதில் சொல்லத் தொடங்குமாம். மூச்சு நீளும், தோள் இறங்கும், நெஞ்சடிப்பு அடங்கும். அது நடிப்பில்லை, உண்மையான இளக்கம்தான். அந்தச் சத்து இல்லாத எண்ணெயைக் கொடுத்து இருக்கிறது என்று சொன்னாலும் சிலருக்குப் பதற்றம் குறையுமாம். உள்ளே சத்து இருந்தும் இல்லை என்று சொல்லிக் கொடுத்தால் சிலருக்கு ஒன்றும் தெரியாதாம். அதற்காக மருந்தே சும்மா என்று நினைக்க வேண்டாம், மருந்தின் பங்கு எவ்வளவு, நம்பினதின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பதுதான் கஷ்டம் என்றா. எதிர்பார்ப்பு பயத்தைத் தொடும், கட்டியைத் தொடாது. வேறு குளிசை எடுக்கிற ஒருத்தரும் டொக்டரிடம் சொல்லாமல் இதில் கை வைக்கக் கூடாது என்றும் எழுதச் சொன்னா. எழுதிவிட்டேன். போன் எடுக்கிற எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

நான் எதிர்பார்த்தது எண்ணெயை இல்லை என்று அவவிடம் சொல்ல நினைத்தேன். அதற்கு என்னிடம் ஜெர்மன் காணாது.

ஸ்கானுக்குப் போன அந்தக் காலை நானும் அபியும் எல்லா இடத்திலும் நிற்கிற ரயிலில் ஏறினோம். பிள்ளை இரவெல்லாம் நித்திரை இல்லாமல் முகம் வீங்கியிருந்தாள். தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு, இனி அம்மாவும் படுக்க மாட்டேன் என்றால் என்ன செய்வது என்ற பயம் அவளுக்கு. நான்தான் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேன் என்று வேறு அழுதாள். ரயில் வெளிக்கிட்டதும் நான், இரவே அவளுக்குத் தெரியாமல் நிரப்பி வைத்த அந்தச் சின்னப் போத்தலைக் கைப்பையில் இருந்து எடுத்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அதுதான் சொன்னனே..."

"தெரியும். சலாட் எண்ணெய்."

நாக்குக்குக் கீழே விட்டு வாயை மூடினேன். உட்டிகன் போனது. கீசன் வந்தது, நான் விழுங்கவில்லை. காறலின் கசப்பு மட்டும் நாக்குக்குத் தெரிந்தது. விக்ட்ராக். நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. தோள் இறங்கவில்லை, கை குளிர்ந்தே கிடந்தது. கைக்கு மேல் வைக்கக் கை இல்லை. முன்சிங்கன் பிளாட்பாரம் வந்து நின்று, ஆட்கள் ஏறி, கதவு பூட்டியது. ஒன்றும் இறங்கவில்லை. இனி ஒரு நாளும் இறங்காது என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. விழுங்கினேன்.

"இறங்கினதோ அம்மா?" என்று அபி மெல்லக் கேட்டாள்.

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஓம் பிள்ளை," என்றேன். "இறங்கிட்டுது."